பிபி நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் ரத்தம் கேட்கிறீர்கள்?

விபத்தில் அடிபட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். முப்பது வயது இருக்கும். பேசுகிறார், பெயர் சொல்கிறார், தண்ணீர் கேட்கிறார். திரையில் ரத்த அழுத்தம் 110/85, நாடி 124. கையைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கிறது. இந்த இடத்தில் அறைக்குள் இரண்டு குரல்கள் எழும். "பிபி நன்றாகத்தானே இருக்கிறது, முதலில் ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்பது ஒன்று. "ரத்த வங்கிக்கு இப்போதே சொல்லுங்கள், சர்ஜனைக் கூப்பிடுங்கள்" என்பது இன்னொன்று.

நான் இரண்டாவது குரலின் பக்கம். ஏன் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஷாக்கைக் கண்டுபிடிப்பதிலும் சரி, சிகிச்சையிலும் சரி, ஒவ்வொரு கட்டத்திலும் நம் முன்னால் இரண்டு மூன்று வழிகள் இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இது கசிவை நிறுத்துகிறதா, இல்லை திரையில் தெரியும் எண்ணை மட்டும் அழகாக்குகிறதா?

ஷாக் என்றால் மனம் அதிர்ந்துபோவது என்றுதான் பலரும் நினைப்பார்கள். மருத்துவத்தில் அது வேறு. உடலின் செல்களுக்குத் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேராத நிலைக்குத்தான் ஷாக் என்று பெயர். படுகாயம் பட்டவரிடம் இதற்கு மிகப் பெரும்பாலும் காரணம் ரத்த இழப்பு. எழுபது கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் லிட்டர் போனால் உடல் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. ஒன்றரை லிட்டர், அதாவது 30 சதவீதம் போகும் வரைகூட, படுத்திருப்பவரின் மேல் அழுத்தம் பெரும்பாலும் விழாமலே நிற்கும். அதைத் தாண்டிய பிறகுதான் எண் சரிகிறது. அப்போது 2 லிட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருப்போம்.

எண் விழாமல் நிற்பதற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்புகிறது. இதயம் வேகமாக ஓடுகிறது. அந்த இளைஞரின் சில்லிட்ட கைதான் அந்த விலை.

எதை நம்பிக் கண்டுபிடிப்பது?

மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனால் ஷாக் என்பது பழைய கணக்கு. சுலபம், எல்லோருக்கும் தெரியும், கருவி எங்கும் இருக்கிறது. ஆனால் அது கடைசியாக வரும் மணி. அது அடிக்கும் வரை காத்திருந்தால் பாதி நேரம் போய்விட்டிருக்கும். ரத்த அழுத்தத்தையே பார்ப்பதானால் மேல் எண்ணை மட்டும் பார்க்காமல், மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். குழாய்கள் சுருங்கும்போது கீழ் அழுத்தம் ஏறும், மேல் அழுத்தம் அப்படியே நிற்கும், இடைவெளி குறுகும். 110/85-இல் இடைவெளி 25 மட்டுமே. சாதாரணமாக அது 40-ஐ ஒட்டி இருக்கும்.

மணிக்கட்டில் நாடி கிடைத்தால் மேல் அழுத்தம் குறைந்தது 80 இருக்கும் என்று பலருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 2000-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, ரத்தக் குழாய்க்குள் குழாய் வைத்து அளந்து பார்த்தபோது, இந்த விதி உண்மையான அழுத்தத்தைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று கண்டது. நாடி கிடைக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றால் மட்டும் அதை முழுமையாக நம்புங்கள்.

அடுத்தது ஷாக் இண்டெக்ஸ். நாடித் துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண். 1967-இல் ஆல்கோவர், புரி என்ற இரு மருத்துவர்கள் முன்வைத்தது. நல்ல ஆரோக்கியத்தில் 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 0.9-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 1-ஐத் தொட்டால், ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். நம் இளைஞருக்கு 124-ஐ 110-ஆல் வகுத்தால் 1.1-க்கு மேல். தனித்தனியாகப் பார்த்தால் "கொஞ்சம் பயந்திருக்கிறார், வலி இருக்கிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூடிய இரண்டு எண்கள், சேர்த்துப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். நாடி எண் அழுத்தத்தின் எண்ணைவிடப் பெரிதா என்று பார்த்தாலே போதும். ஆம்புலன்ஸில் இருப்பவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்பேன்.

ரத்தத்தில் லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது செல்களில் சேரும் பொருள்), பேஸ் டெஃபிசிட் (ரத்தத்தில் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு) பார்ப்பது மூன்றாவது வழி. செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கின்றனவா என்பதை நேரடியாகச் சொல்வது இதுதான். லாக்டேட் 2-க்கு மேல் என்றால் சந்தேகம், 4-க்கு மேல் என்றால் ஆபத்து. பேஸ் டெஃபிசிட் 6-ஐத் தாண்டினால் இழப்பு பெரியது. மது அருந்தியிருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ லாக்டேட் ஏறியிருக்கலாம் என்பது ஒரு குறை. முடிவு வரச் சில நிமிடங்கள் ஆகும் என்பது இன்னொன்று. முதல் அளவைவிட, ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது அளவுதான் எனக்கு முக்கியம். ரத்த அழுத்தம் ஏறியும் லாக்டேட் இறங்கவில்லை என்றால், உள்ளே இன்னும் எங்கோ கசிகிறது.

ஹீமோகுளோபினை மட்டும் இந்தப் போட்டியில் சேர்க்காதீர்கள். சிவப்பணுவும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால் மீதி இருக்கும் ரத்தத்தின் அடர்த்தி மாறாது. முதல் பரிசோதனையில், எல்லாம் சரியாக இருப்பதுபோல, 14 என்று வரும். திசுக்களிலிருந்து நீர் வந்து கலந்த பிறகு, அல்லது நாம் டிரிப் ஏற்றிய பிறகுதான் அது இறங்கும். "ஹீமோகுளோபின் 14, ரத்தம் தேவையில்லை" என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

இந்தக் கணக்குகள் பொய் சொல்லும் ஆட்களும் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நாடி 80-இலேயே நிற்கும். வழக்கமாக 160 இருப்பவருக்கு 110 என்பதே சரிவு. அதனால்தான் 65 வயதைத் தாண்டியவர்களிடம் 110-ஐயே எச்சரிக்கைக் கோடாக வைக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ரத்தத்தின் அளவே கூடியிருக்கும். நிறைய இழந்த பிறகும் தாங்கி நிற்பார், ஆனால் அதற்குள் கருவுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும். குழந்தைகள் கடைசி வரை அழுத்தத்தைப் பிடித்துவைத்திருந்து, ஒரேயடியாகச் சரிந்துவிடுவார்கள். இவர்கள் எல்லோரிடமும் கையைத் தொட்டுப் பாருங்கள். நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, கேள்விக்குப் பதில் சொல்வதில் தடுமாற்றம் இருக்கிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா என்று பாருங்கள். முரண்டு பிடிக்கிற நோயாளியைக் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவது எளிது. மூளைக்கு ரத்தம் போதாமலும் மனிதர்கள் முரண்டு பிடிப்பார்கள்.

ரத்த இழப்புதானா?

இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை ஆம். ஆனால் மூன்று விதிவிலக்குகளை உடனே தேட வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கு ரத்தம் ஏற்றினால் தீராது. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டு இதயத்தை நசுக்குவது ஒன்று: ஒரு பக்க மூச்சொலி இல்லை, மூச்சுத் திணறல், கழுத்து நரம்பு புடைத்திருக்கலாம். இதற்கு எக்ஸ்ரேக்குக் காத்திருப்பது தவறு. காற்றை உடனே வெளியேற்ற வேண்டும். இதய உறைக்குள் ரத்தம் கட்டுவது இரண்டாவது, அல்ட்ராசவுண்டில் தெரியும். மூன்றாவது தண்டுவடக் காயத்தால் வரும் ஷாக். இதில் கை சூடாக இருக்கும், நாடி மெதுவாக இருக்கும், அழுத்தம் மட்டும் தாழ்ந்திருக்கும். தலைக்காயம் மட்டும் இருந்து ஷாக் வருவது அரிது. தலையில் கட்டுப் போட்டிருக்கிறது என்பதற்காக வயிற்றையும் இடுப்பையும் பார்க்காமல் விடக் கூடாது.

எங்கே தேடுவது? தரையிலும் உடைகளிலும் சிந்திய ரத்தம், அப்புறம் நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பைச் சுற்றிய பகுதி, தொடை. உயிரைக் குடிக்கும் அளவு ரத்தம் போய் ஒளிந்துகொள்ள உடலில் வேறு இடம் இல்லை. ஒரு தொடை எலும்பு முறிவு மட்டுமே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தத்தை உள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

கசிவை நிறுத்தும் வழிகள்

கை காலில் பீறிடும் ரத்தத்துக்கு, கையால் அழுத்திப் பிடிப்பது, காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்துவது, டூர்னிக்கெட் என்ற பட்டையைக் காயத்துக்கு மேலே போட்டு இறுக்குவது என மூன்று வழிகள். பெரும்பாலான காயங்களுக்கு முதல் வழியே போதும். அதைப் பலரும் சரியாகச் செய்வதில்லை. ஒரு நிமிடம் அழுத்திவிட்டு, நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி அழுத்துவார்கள். எடுக்கவே கூடாது. தொடர்ந்து பல நிமிடங்கள் முழு எடையையும் கொடுத்து அழுத்த வேண்டும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் டூர்னிக்கெட் போட இடம் கிடையாது. அங்கே துணியைத் திணிப்பதுதான் வழி.

டூர்னிக்கெட் போட்டால் கால் போய்விடும் என்ற பயம் நீண்ட காலமாக இருக்கிறது. அந்தப் பயம் நிறைய உயிர்களை எடுத்திருக்கும் என்று நம்புகிறேன். ஈராக் போரின்போது பாக்தாத் ராணுவ மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தவர்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், ஷாக் வருவதற்கு முன்பே டூர்னிக்கெட் போடப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். ஷாக் வந்த பிறகு போடப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம்தான். டூர்னிக்கெட்டால் மட்டும் யாருக்கும் கால் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போய்விட வேண்டும் என்பதையும், போட்ட நேரத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் இருந்தால் போதும். பாதி இறுக்கிவிட்டுப் பயந்து நிறுத்துவது, போடாமலே விடுவதைவிட மோசம்: உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பும் சிரை மட்டும் அடைபட்டு ரத்தப்போக்கு அதிகமாகும்.

இடுப்பெலும்பு உடைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே இடுப்புப் பட்டையைக் கட்டிவிடலாம். அதைக் கட்ட வேண்டிய இடம் தொடை எலும்பின் மேல்முனை துருத்தி நிற்கும் மட்டம். வயிற்றைச் சுற்றி மேலே கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இடுப்பை ஆட்டி ஆட்டி உடைந்திருக்கிறதா என்று சோதிப்பது உறைந்த ரத்தத்தைக் கலைத்துவிடும்.

பெருந்தமனிக்குள் பலூனை ஊதி ரத்தத்தைத் தற்காலிகமாக அடைக்கும் முறைக்கு ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அழுத்தம் சட்டென்று ஏறும், பார்க்கவே நிறைவாக இருக்கும். பிரிட்டனில் 90 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. பலூனையும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்ட குழுவில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 54 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதம். எண் ஏறியது, ஆனால் உண்மையில் கசிவை நிறுத்தும் அறுவைக்குப் போகும் நேரம் அதனால் தள்ளிப்போனது. நான் சொல்லவரும் விஷயத்துக்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

எதை ஏற்றுவது?

இங்கேதான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நார்மல் சலைன் எங்கும் கிடைக்கும், விலை குறைவு, பெரும்பாலான மருந்துகளோடு சேரும். ஆனால் அதில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். நம் ரத்தத்தில் ஏறக்குறைய 100. லிட்டர் கணக்கில் ஏற்றினால் ரத்தம் அமிலத்தன்மை அடையும். ஷாக்கில் இருப்பவரிடம் ஏற்கெனவே அமிலம் கூடியிருக்கிறது, நாமும் சேர்த்துவிடுகிறோம். இன்னொரு டிரிப் திரவமான ரிங்கர் லாக்டேட் இதில் மேல். அதிலுள்ள லாக்டேட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கல்லீரல் அதைச் சமாளித்துவிடும். இரண்டு இடங்களில் மட்டும் அதைத் தவிர்ப்பேன்: கடுமையான தலைக்காயத்தில், ஏனென்றால் அது ரத்தத்தைவிட நீர்த்தது, மூளை வீக்கம் கூடலாம்; ரத்தம் ஏறும் அதே குழாயில், ஏனென்றால் அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கலாம்.

அல்புமின், ஸ்டார்ச் போன்ற கனமான திரவங்கள் குழாய்க்குள் அதிக நேரம் தங்கும் என்பது கோட்பாடு. நடைமுறையில் பலன் தெரியவில்லை. தலைக்காயம் உள்ளவர்களுக்கு அல்புமின் கொடுத்ததில் இறப்பு கூடியது. ஸ்டார்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. படுகாயத்தில் இரண்டுக்கும் வேலை இல்லை.

ஆனால் சலைனா ரிங்கரா என்ற விவாதமே ஒரு திசைதிருப்பல். இரண்டுமே ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தை உறைய வைக்காது. போனது ரத்தம், நாம் ஊற்றுவது உப்பு நீர். மீதியிருக்கும் உறைபொருள்களையும் நீர்த்துவிடுகிறோம், உடலைக் குளிரவும் வைக்கிறோம். குளிர்ச்சி, அமிலம், உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு ஆளை இழுத்துச் செல்லும். ஒரு காலத்தில் இரண்டு லிட்டர் சலைனை விறுவிறுவென்று ஏற்றிவிட்டு அப்புறம் யோசிப்போம். படுகாய சிகிச்சைக்காக மருத்துவர்களுக்குத் தரப்படும் இன்றைய ஏ.டி.எல்.எஸ். பயிற்சி ஒரு லிட்டரோடு நிறுத்தச் சொல்கிறது. ரத்தம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அந்த ஒரு லிட்டரும் வேண்டாம் என்பதே என் கருத்து.

ரத்தம் என்றால் சிவப்பணு மட்டும் போதாது, உறைய வைக்கும் பகுதிகளான பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் வேண்டும். பிளாஸ்மா, பிளேட்லெட், சிவப்பணு மூன்றையும் 1:1:1 என்று கொடுப்பதா, சிவப்பணுவை இரட்டிப்பாக வைத்து 1:1:2 என்று கொடுப்பதா என்று 680 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. 30 நாள் இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் போயே இறந்தவர்கள் 14.6 சதவீதத்திலிருந்து 9.2 ஆகக் குறைந்தார்கள். எனக்கு அது போதும். சம விகிதத்தை எடுப்பேன். பிரிக்காத முழு ரத்தம் கிடைத்தால் ஒரே பையில் வேலை முடியும், குழப்பமும் குறையும்.

ஆம்புலன்ஸிலேயே பிளாஸ்மா கொடுக்கலாமா? 501 பேரிடம் நடந்த ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சோதனையில் 30 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 23.2 ஆனது. அதே 2018-இல், மருத்துவமனை பக்கத்திலேயே இருந்த ஒரு நகரத்தில் நடந்த சோதனையில் பலன் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, 20 நிமிடத்துக்கு மேல் பயணம் என்றால்தான் பலன் தெரிந்தது. தூரம் குறைவென்றால் வண்டியை எடுங்கள், வழியில் நின்று ஊசி தேட வேண்டாம்.

ரத்தப் பைகளில் உறையாமல் இருப்பதற்காகச் சேர்த்திருக்கும் சிட்ரேட் நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது, இதயமும் சரியாகச் சுருங்காது. நாலைந்து பை ஏறிய பிறகும் கால்சியம் கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை என்றால், அந்தப் பைகளின் பலனில் ஒரு பகுதியை நாமே வீணாக்குகிறோம். பைகளைச் சூடாக்கி ஏற்றுவதும் இதே வரிசையில் வரும்.

எந்த வழியாக ஏற்றுவது என்பதிலும் ஒரு தேர்வு உண்டு. கழுத்தில் போடும் நீளமான மெல்லிய குழாய் பார்க்கப் பெரிய ஏற்பாடாகத் தெரியும். ஆனால் முழங்கை மடிப்பில் போடும் குட்டையான, அகலமான ஊசி அதைவிட வேகமாக ரத்தத்தை ஏற்றும். நரம்பு கிடைக்கவில்லை என்றால் இரண்டு முயற்சியோடு நிறுத்திவிட்டு எலும்புக்குள் ஊசி போடுங்கள்.

எவ்வளவு உயர்த்துவது?

முதலாம் உலகப் போர்க்களத்தில் வேலை செய்த வால்டர் கேனன் 1918-இலேயே எச்சரித்தார்: சர்ஜன் தயாராவதற்கு முன் அழுத்தத்தை உயர்த்தினால், மிச்சமிருக்கும் ரத்தமும் போய்விடலாம் என்று. ஓட்டைக் குடத்தில் வேகமாக ஊற்றினால் வேகமாகத்தான் வெளியேறும். அதோடு, அப்போதுதான் உருவாகியிருக்கும் இளம் உறைகட்டியும் அடித்துக்கொண்டு போகும். 1994-இல் ஹூஸ்டனில், உடற்பகுதியில் குத்து அல்லது குண்டுக் காயத்தோடு வந்த 598 பேரிடம் இதைச் சோதித்தார்கள். உடனே திரவம் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள். அறுவை அரங்கு போகும் வரை நிறுத்திவைத்தவர்களில் 70 சதவீதம்.

அதனால் கசிவு நிற்கும் வரை மேல் அழுத்தம் 80 முதல் 90 வரை இருந்தால் போதும். ஆள் பேசுகிறார், மணிக்கட்டில் நாடி கிடைக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தலைக்காயம் இருந்தால் மட்டும் இந்தத் தேர்வு முழுதாகத் தலைகீழாகும். அடிபட்ட மூளை தாழ்ந்த அழுத்தத்தை ஒருமுறைகூடப் பொறுக்காது. 110-ஐக் காப்பாற்றியாக வேண்டும். தண்டுவடக் காயமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து வந்தால், அதாவது வயிற்றில் கசிவும் தலையில் காயமும் இருந்தால், நான் மூளையின் பக்கம் நிற்பேன், ஆனால் சலைனால் அல்ல, ரத்தத்தால்.

அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகள் எண்ணைச் சீக்கிரம் சரிசெய்யும். ஏற்கெனவே இறுகிப்போன குழாய்களை இன்னும் இறுக்கித்தான் அதைச் செய்யும். தண்டுவட ஷாக்கில் அவை சரியான மருந்து. ரத்த இழப்பில், ரத்தம் வரும் வரை இதயம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடைசித் துணை மட்டுமே.

உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, கடிகாரம் மட்டும்தான் கணக்கு. 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் வெளியானது. இந்த மருந்து மொத்த இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம்; மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடியது. 1 கிராமைப் பத்து நிமிடத்தில், அடுத்த 1 கிராமை எட்டு மணி நேரத்தில். எப்போது அடிபட்டது என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.

ஸ்கேனா, அறுவை அரங்கா?

அந்த இளைஞரிடம் திரும்புவோம். சிடி ஸ்கேன் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும். படுக்கை அருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் இரண்டே நிமிடத்தில் வயிற்றிலும் இதய உறையிலும் நெஞ்சிலும் ரத்தம் இருக்கிறதா என்று சொல்லும்; ஆனால் முதுகுப்புறமாகத் தேங்கும் ரத்தத்தைத் தவறவிடும், அதனால் 'இல்லை' என்ற பதிலை முழுதாக நம்ப முடியாது. 'இருக்கிறது' என்று வந்து, ரத்தம் ஏற ஏற அழுத்தம் நழுவிக்கொண்டே போனால், சிடிக்குப் போகாமல் நேராக அரங்குக்குப் போக வேண்டும். ரத்தம் ஏற்றியதும் நாடி இறங்கி நிற்கிறது என்றால் சிடிக்கு நேரம் இருக்கிறது. கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி சரிபவர்தான் கடினமானவர். அவரைச் சிடி அறைக்குக் கொண்டுபோவதானால் சர்ஜனும் கூடவே நடக்க வேண்டும், ரத்தப் பை தொங்கிக்கொண்டே போக வேண்டும்.

மயக்கம் கொடுத்துத் தொண்டை வழியாகச் சுவாசக் குழாய் போடுவதையும் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். பயத்திலும் வலியிலும் உடல் இறுக்கிப் பிடித்திருக்கும் ரத்தக் குழாய்களை மயக்க மருந்து ஒரே நொடியில் தளர்த்திவிடும். முதலில் ரத்தம் ஓடத் தொடங்கட்டும், சர்ஜன் கைகழுவித் தயாராகட்டும். மருந்தில் கீட்டமைன் ஓரளவு பாதுகாப்பானது, அதையும் குறைந்த அளவில்.

அரங்குக்குள்ளும் இதே கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஒழுங்காகத் தைத்து முடிப்பதா, கசியும் இடங்களை மட்டும் அடைத்து, பஞ்சுத் துணியைத் திணித்து வெளியே வந்துவிடுவதா? 1993-இல் வயிற்றுக் காயங்களுக்கு இந்த இரண்டாவது முறையை விவரித்த சர்ஜன்கள், கடற்படையிலிருந்து 'டேமேஜ் கண்ட்ரோல்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். உடல் சூடு 35-க்குக் கீழே, ரத்தத்தின் அமில அளவைக் காட்டும் பி.எச். 7.2-க்குக் கீழே, தொட்ட இடமெல்லாம் உறையாமல் கசிகிறது என்றால், அழகான அறுவை வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் மூடிவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆளைச் சூடாக்கி, ரத்தத்தைத் திருத்தி, ஓரிரு நாள் கழித்துக் குடலை இணைக்கலாம்.